குளாயடி

செப்டம்பர் 20, புதன்

புது டைரியில் முதல் பக்கம் நல்ல சேதியாக இருக்க வேண்டும். ஆகையால் என் பேரப்பிள்ளைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

மூத்தவன் கௌதம், என் மகன் சென்னியப்பனின் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் முப்பது பேருக்கு மேலே இருக்கிறான். இரண்டு தடவை ஜெர்மனி போய் வந்தவன். அடுத்தது ஹரிணி, என் மகள் கலாமணி பெற்றது. ஈரோட்டில் பேங்கு ஆபீசர். எழுதிய முதல் பரீட்சையிலேயே தேறினாள். அவள் தம்பி தருண் கபடியில் மாநிலத்துக்கு ஆடியவன். ஜெயித்த கோப்பையை நேராகக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுத்தான் முகம் கழுவப் போனான்.

நான்காவது சுகன்யா, கௌதமின் தங்கை. சென்னையில் சொந்தமாகப் பத்திரிகை நடத்துகிறாள். எழுதுவதும் படம் போடுவதும் மடிப்பதும் அவளே. பஸ்ஸிலும் டீக்கடை பெஞ்சிலும் கொண்டுபோய் வைப்பதும் அவளே. மற்ற மூன்று பேருக்கும் மேலே ஒரு அதிகாரி இருக்கிறார். சுகன்யாவுக்கு மேலே யாரும் கிடையாது. இந்த வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்கிறவள் நான் ஒருத்திதான்.

ஒரே தாள். மூன்று மடிப்பு, நடுவில் ஒரு கிழிப்பு, திருப்பி மடித்தால் எட்டுப் பக்கம். பின் இல்லை, பசை இல்லை. நடுவில் கையால்தான் கிழிப்பாள். “கத்திரியில வெட்டுனா கடையில வாங்குன மாதிரி ஆயிரும் அப்பத்தா” என்பாள். பத்திரிகைக்குப் பெயரே ‘கிழிசல்’. மங்களமாக ஒரு பெயர் வையடி என்றேன், சிரித்தாள். அவளோடு அறையில் இருக்கும் ஜெசிந்தா நேர்மாறு. தபால் உறையைக்கூடக் கத்திரியால் ஓரம் வெட்டித்தான் பிரிப்பாளாம். எங்கள் பிள்ளை எதையும் பிய்த்துத்தான் திறக்கும்.

கடைசிப் பக்கத்தை வெறுமனே விட்டு, ‘இது உங்க பக்கம், எழுதிப் போடுங்க’ என்று பெரம்பூர் விலாசம் கொடுத்திருப்பாள். யாரும் போடவில்லை போல. நான் போட்டேன். அடுத்த மாதம் என் எழுத்து அச்சாகி வந்தது! ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. அன்றிலிருந்து மாதம் ஒன்று எழுதுகிறேன்.

எனக்கு ள, ழ தகராறு. வாத்தியார் முட்டியில் அடித்தும் வரவில்லை. சுகன்யா போனில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்து மற்றதெல்லாம் சரியாகிவிட்டது. குளாய் மட்டும் கை தானாக இப்படித்தான் போகிறது. தப்பு என்று தெரியும். “அதை மட்டும் மாத்தாத அப்பத்தா. அது உன்ற கையெழுத்து” என்று சொல்லி, என் பக்கத்துக்கே ‘குளாயடி’ என்று தலைப்பு வைத்துவிட்டாள்.

பதின்மூன்றாவது கிழிசல் இன்று தபாலில் வந்தது. தினமும் நாலு வரி எழுதிவை, பத்திரிகைக்கு ஆகும் என்று உள்ளே சீட்டு வைத்திருந்தாள். அதற்காகத்தான் இந்த டைரி.

செப்டம்பர் 24, ஞாயிறு

அடுக்களைக் குளாய் ஒழுகுகிறது. சென்னியப்பனிடம் சொன்னால் பிளம்பருக்குச் சொல்கிறேன் என்பான். கோயமுத்தூர் மோட்டாரையெல்லாம் கடையில் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன், வீட்டுக் குளாயைத் தொடமாட்டான். கிழிசல் நான்கில் சுகன்யா வழி போட்டிருந்தாள்: பழைய சைக்கிள் டியூபில் வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டால் வாஷர். நானே செய்துவிடலாம் என்று, டியூப் துண்டு தேடிக் கீழே போய் அவன் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தேன்.

டியூப் இருந்தது. அதற்கடியில் பாலிதீன் பையில் கிழிசல் இருந்தது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை.

என்னுடையவை என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன. இவை ஜெராக்ஸ். நான் மத்தியானம் கண்ணயரும்போது எடுத்துப்போய்ப் படி எடுத்துவிட்டு, பழையபடி வைத்திருக்கிறான். மடிப்பு கோணல், கிழிப்பு இன்னும் கோணல். தானே உட்கார்ந்து கிழித்திருக்கிறான். ஓரமெல்லாம் கிரீஸ் விரல்.

இவன்தான் ஒன்றரை வருசமாக அவளோடு பேசாதவன். அவள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றபோது, “நான் கரியில கைய வெச்சது போதாதா? எம்புள்ள ஏசியில உக்காரோணும்னு படிக்கவெச்சேன். நீயும் கையில மை பூசிட்டுத் திரியோணுமா?” என்று கத்தியவன். அவளும் இவன் மகள்தானே. “உங்க கையைப் பாத்துத்தானுங்கப்பா கத்துக்கிட்டேன்” என்றாள். அந்தச் சொல் அவனுக்குக் குத்தலாகக் கேட்டுவிட்டது. அவள் குத்தலாகச் சொல்லவில்லை.

வாஷர் சரியாகப் பொருந்தியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

செப்டம்பர் 30, சனி

பதினான்காவது கிழிசலுக்கு எழுதிவிட்டேன். இங்கும் படி எடுத்துவைக்கிறேன்.

‘குளாயடி. எங்கள் வீட்டுக் குளாயை நானே சரி செய்தேன். எழுபத்து மூன்று வயது, நெஞ்சுக்குள் ஸ்பிரிங் வேறு வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் செய்தேன். டியூப் எடுக்க ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தால் அங்கே கிழிசல் பன்னிரண்டும் ஒளிந்திருக்கிறது. ஒளித்தவர் பெயர் சொல்லமாட்டேன். அவர் கையில் கிரீஸ் இருக்கும். அவர் கிழிப்பது கோணலாக இருக்கிறது, இதழ் நடத்துகிறவர் நேரில் வந்து சொல்லிக் கொடுக்கவும்.’

போனில் சொல்லிவிடலாம்தான். அச்சில் பார்க்கட்டும். அவனும் ஜெராக்ஸ் எடுக்கும்போது பார்க்கட்டும். இரண்டு பேரும் ஒரே நாளில் படித்தால் தீபாவளிக்கு வந்துவிடுவாள்.

அக்டோபர் 3, செவ்வாய்

நேற்று தபாலாபீஸ் லீவு. இன்று போட்டேன். காலண்டர் தாளில் நானே செய்த கவர், மைதா பசை போட்டு ஒட்டியது.

அக்டோபர் 8, ஞாயிறு

சுகன்யா ஞாயிறுதோறும் பேசுவாள். இன்று குரல் கம்மியிருந்தது.

“காயிதம் வந்துச்சா கண்ணு?”

“கீழ பொட்டியில கெடக்கும் அப்பத்தா. நான் எறங்கவே இல்ல. ரெண்டு நாளாக் காய்ச்சல்.”

“டாக்டருகிட்டப் போனியா?”

“போறேன், போறேன். என்ன எழுதியிருக்கே? இப்பவே சொல்லு.”

“சொல்லமாட்டேன். படிச்சுக்கோ.”

“உன்ற கவரைப் பிரிக்கக் கடப்பாரை வேணுமே. மைதா எத்தனை கிலோ போட்டே?”

சிரித்தாள், இருமினாள், வைத்துவிட்டாள். சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 13, வெள்ளி

விடிகாலையில் சென்னியப்பனும் மருமகள் தங்கமணியும் கிளம்பிப் போய்விட்டார்கள். சேலத்தில் சிநேகிதர் வீட்டுக் கல்யாணமாம். எனக்குத் துணையாகக் கலாமணி திருப்பூரிலிருந்து வந்திருக்கிறாள்.

தங்கமணி கட்டியிருந்தது வீட்டுப் புடவை. இது புரட்டாசி மாதம். புரட்டாசியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்?

கேட்கவில்லை. கலாமணி வெங்காயம் நறுக்கினாள். கூடையில் இருந்த வெங்காயம் முழுவதையும் நறுக்கினாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

போன் வரவில்லை. என் போனில் சார்ஜ் இல்லை என்று கலாமணி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 17, செவ்வாய்

வந்துவிட்டார்கள். கௌதமும் கூட வந்தான். தங்கமணி கீழே குளாயடியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு மாடி ஏறினாள்.

“கல்யாணம் நல்லா நடந்துச்சா?” என்றேன்.

“நடந்துச்சுங்க அத்தை.”

“பொண்ணு எப்படி?”

சுவரைப் பிடித்துக்கொண்டாள். “நல்ல பொண்ணுங்க அத்தை” என்றாள்.

சட்னி அரைக்கப் போனாள். மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். ஜாரில் ஒன்றும் இல்லை. வெறும் மிக்சியை ஓடவிட்டு, பக்கத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.

இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப் பொடி போட்டார்கள்.

அக்டோபர் 22, ஞாயிறு

“சுகி சிம்மு மாத்தறாளாம் அப்பத்தா. புது நம்பர் இன்னும் வரல” என்றான் கௌதம். நான் கேட்காமலே சொன்னான்.

சரி என்றேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூசை. கடை தொடங்கிய நாளிலிருந்து சென்னியப்பன் ஸ்பேனருக்கெல்லாம் சந்தனம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைக்காத வருசம் கிடையாது. மழை கொட்டிய வருசம்கூட உடைத்தான். இன்று கடையைத் திறக்கவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து நகத்திலிருந்த கிரீஸைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். எல்லா நகத்தையும்.

நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். “உனக்கு மாத்திரை போட்டாச்சாம்மா? டாக்டர் அதிர்ச்சி கூடாதுன்னு சொல்லியிருக்காரு” என்றான்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்ததில் என்ன அதிர்ச்சி?

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. எனக்கு இனிப்பு ஆகாதாம். எனக்குத்தானே ஆகாது.

நவம்பர் 20, திங்கள்

கிழிசல் பதினான்கு தபாலில் வந்துவிட்டது! ஓடிப்போய் (ஓடக் கூடாது) வாங்கினேன்.

அழகாக இருக்கிறது. பளபளவென்று வழவழத் தாள். எழுத்தெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தது. ‘இனிமேல் கிழிசல் இப்படித்தான் வரும்’ என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. சரி, புது மாதிரி செய்து பார்க்கிறாள். நான்கு தாளை நடுவில் மடித்து இரண்டு பின் அடித்திருந்தது. அதுவும் சரி, கைவலியாக இருக்கும் என்று நினைத்தேன். கிழிப்பு எங்கே என்று விரலால் தடவிக்கொண்டே வந்தேன். கிழிப்பே இல்லை.

ஏழாம் பக்கம் என் பக்கம். தலைப்பைப் பார்த்தேன்.

‘குழாயடி.’

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ழ தான்.

கீழே என் எழுத்து முழுக்க வரிக்கு வரி இருக்கிறது. பிழை ஒன்றுகூட இல்லை. ஸ்கூட்டர் டிக்கி பற்றி எழுதியது மட்டும் இல்லை. கிரீஸ் கைக்காரர் இல்லை, நேரில் வந்து சொல்லிக் கொடுக்கச் சொன்னதும் இல்லை. வாஷர் பொருந்தியதோடு முடித்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு குழாய்ப் படம், கம்ப்யூட்டர் படம், சொட்டுகூட அழகாகச் சொட்டுகிறது.

இந்தச் சொல்லை நானும் இன்று சரியாக எழுதிவிட்டேன் பார். கை அப்படிப் போகிறது.

“என்னுங்க அத்தை, சுகி புக்கா? நல்லா இருக்குதுங்களா?” என்று தங்கமணி கதவோரம் நின்று கேட்டாள்.

“ரொம்ப நல்லா இருக்குது” என்றேன்.

இதை யார் செய்தது என்று எனக்குத் தெரியும். இந்த டைரியின் முதல் பக்கத்தில் எழுதியபடி, என் மூத்த பேரன் கெட்டிக்காரன். ராத்தூக்கம் கெட்டு உட்கார்ந்து செய்திருப்பான். தங்கச்சி மாதிரி ஒரு வரி எழுத எத்தனை தடவை அழித்திருப்பானோ. அவன் சாதனைகளில் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மாத்திரை இரண்டும் போட்டுக்கொண்டேன். படுத்துவிட்டேன்.

நவம்பர் 23, வியாழன்

துணி துவைத்தேன். கீரை ஆய்ந்தேன். எனக்கு வேறு ஒரு கேள்வியும் இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்தக் கவரை அவள் பிரித்தாளா?

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை தீபம். எதிர் வீட்டில் அகல் வரிசை. எங்கள் வாசல் இருட்டு. கௌதம் வந்திருந்தான். சென்னியப்பன் சோபாவில் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிவி போடவில்லை.

கௌதமை என் கட்டிலுக்குக் கூப்பிட்டேன்.

“அந்தக் கவர் எப்படி இருந்துச்சு சாமி?”

“எந்தக் கவர் அப்பத்தா?”

“நான் சுகிக்குப் போட்டது. காலண்டர் தாள்ல. அதைப் பாத்துத்தானே நீ அடிச்சே.”

அவன் அப்பனைப் பார்த்தான். அப்பன் என்னைப் பார்த்தான். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“ஒட்டினபடியே இருந்துச்சா? கத்திரியில வெட்டியிருந்துச்சா? அதை மட்டும் சொல்லு. எனக்கு நெஞ்சு நல்லாத்தான் இருக்குது.”

“அப்பத்தா... காய்ச்சல்... டெங்கு. ஆஸ்பத்திரியில சேத்து ரெண்டே நாள்ல...”

“அது எனக்குத் தெரியும். புரட்டாசியில கல்யாணம்னு சொன்னன்னைக்கே தெரியும். ழ போட்டன்னைக்கு ஒறுதியாயிருச்சு. கவரைச் சொல்லு.”

“ழ போட்டது தப்பா அப்பத்தா?”

பாவம், அவ்வளவு பெரிய ஆபீசில் இருக்கிறவன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கேட்டான். “இல்ல சாமி. உன்ற மேல தப்பே இல்ல” என்றேன்.

“கவர் கையால கிழிச்சிருந்துச்சு” என்றான். “மேல பிச்சு, ஸ்டாம்பு பாதி போயிருந்துச்சு. அவ தலகாணிக்குக் கீழ இருந்துச்சு.”

கையால் கிழித்திருந்தால் அவள்தான். ஜெசிந்தா கத்திரிக்காரி.

“உள்ள இருந்த காயிதத்துல ஏதாச்சும்?”

“நீ டிக்கின்னு எழுதியிருந்தியல்ல, அதுக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு ஸ்கூட்டர் வரைஞ்சிருந்தா. கோடெல்லாம் ஒரே நடுக்கம். காய்ச்சலோட வரைஞ்சிருப்பா. அதான் நான் வேற படம்... அப்பா பாத்தா தாங்கமாட்டாருன்னு அந்த வரிகளையும்...”

“எங்கடா அது?” என்றான் சென்னியப்பன்.

கௌதம் பையிலிருந்து எடுத்தான். ஒரு மாதமாகக் கூடவே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான். சென்னியப்பன் வாங்கி, விளக்குக்கு நேராகப் பிடித்தான். டிக்கி திறந்திருக்கிற ஸ்கூட்டர். அதன்மேல் கால் எட்டாமல் ஒரு மீசைக்காரன் உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருக்கிறான். நாக்கு வெளியே நீட்டியிருக்கிறது. காயில் கட்டும்போது நாக்கை அப்படித்தான் நீட்டுவான், சின்ன வயசிலிருந்து.

“படிச்சுட்டா” என்றேன். “நீ ஒளிச்சுவெச்சுப் படிக்கறது அவளுக்குத் தெரியும் சென்னியப்பா. தெரிஞ்சுதான் போயிருக்கா.”

அவன் கீழே இறங்கிப் போனான். ஜன்னலில் பார்த்தேன். ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தான். வண்டியைக் கிளப்பவில்லை.

தங்கமணி வந்து என் மடியில் தலை வைத்தாள். இந்தத் தடவை மிக்சி போடவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

சென்னியப்பன் போட்டோ கேட்டான். பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டுமாம். இந்த வீட்டில் இருப்பது ஒன்றுதான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எடுத்தது. இரட்டைச் சடை, யூனிபாரம், கழுத்தை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி நிற்பாள். சென்னையில் எடுத்ததெல்லாம் அவள் போனில் இருந்தது. போனைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை.

“அது அவ இல்ல. தரமாட்டேன்” என்றேன்.

“வேற இல்லையேம்மா.”

“இருக்கும்.”

டிசம்பர் 9, சனி

கிழிசல் பதினைந்தைச் செய்கிறோம். பதினான்காவது கௌதமுடையது, அது அப்படியே இருக்கட்டும். அவனுக்கும் ஒரு இதழ் வேண்டாமா?

முதல் பக்கத்தில் அவள் பெயரைத் தங்கமணி கோலப் புள்ளியில் எழுதினாள். மூன்றாம் பக்கத்தில் ஸ்கூட்டர், பென்சில் நடுக்கத்தோடு அப்படியே. ஐந்தாம் பக்கம் சென்னியப்பன் எழுதியது, மின்விசிறி சுற்றாமல் நின்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று. வேறு எதுவும் எழுத வரவில்லை என்றான். இது போதும் என்றேன். ஏழாவது குளாயடி.

தெருமுனை ஜெராக்ஸ் கடைப் பெண், “அம்மா, இங்க ஒரு எழுத்து தப்பா இருக்குதுங்க, மாத்தித் தரட்டுங்களா?” என்றாள்.

“தொடாதே அம்மிணி” என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம், நானும் சென்னியப்பனும்.

ஐம்பது பிரதி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மடித்தோம். கிழிப்பதைச் சென்னியப்பன் யாருக்கும் விடவில்லை. கோணலாகத்தான் வந்தது. சொல்லிக் கொடுக்க ஆள் வரவில்லை.

டிசம்பர் 11, திங்கள்

பெரம்பூருக்கு ஒரு பிரதி போட்டேன். கடைசிப் பக்கம் வெறுமனே இருந்ததல்லவா, அதில் எழுதியது:

‘ஜெசிந்தா கண்ணுக்கு சுகன்யாவின் அப்பத்தா எழுதுவது. எனக்கு எல்லாம் தெரியும், இவர்களைப் போல நீயும் இனிமேல் என்னிடம் ஒளிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நீதான் என்று கௌதம் சொன்னான். நீ நன்றாகச் சாப்பிடு. மேசையில் அவள் மை டப்பா காய்ந்து போகாமல் மூடி வை. கவரைக் கத்திரியால் வெட்டியே பிரி, பரவாயில்லை.

இங்கே எங்களிடம் இருப்பது பள்ளிக்கூடப் படம். அதை மாட்ட எனக்கு மனசில்லை. கையில் மை பூசிக்கொண்டு, தாளுக்கு நடுவில் உட்கார்ந்து, யார் மேலேயாவது கோபமாகவோ சிரித்தோ இருக்கிற மாதிரி உன் போனில் ஒன்று இருக்கும். மங்கலாக இருந்தாலும் சரி, தலை வாராமல் இருந்தாலும் சரி. ஆணி அடித்து வைத்திருக்கிறோம். நாங்கள் பார்க்காத புதுப் படமாக ஒன்று தபாலில் போடு.’